மஹ்ஜூபாவின் கிடாவும் இரண்டு வருட வாரண்டியும்

மஹ்ஜூபா வண்டி வாங்கியதிலிருந்து எங்கள் சந்தில் யாரும் மதிய வேளைக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. பதினொன்றரை ஆனால் அந்தச் சிவப்பு வண்டி உறுமும். தலைத்துணிக்கு மேல் ஹெல்மெட், முழங்காலுக்குச் சுருட்டிச் செருகிய ஜெல்லாபா அங்கி, பின் கேரியரில் இரண்டு அலுமினியப் பெட்டிகள், அதற்குள் முப்பத்தைந்து பேருக்குச் சாப்பாடு. சந்து முனையில் இருக்கும் என் வண்டி ரிப்பேர்ப் பட்டறைக்கு நேரே வந்ததும் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"ஜிலாலி மேஸ்திரி, உயிரோட இருக்கீரா?"

"உன் வண்டி எப்போ சாகும்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

இது தினமும் நடக்கும். ஒரு திங்கட்கிழமை என் வாய் பலித்தே விட்டது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மராகேஷில் எங்கள் சீதி யூஸுஃப் பேட்டைக்கு அவள் திரும்பி வந்தபோது வயது முப்பத்தெட்டு. கட்டியவன் இரண்டு அண்டாவையும் ஒரு கூஸ்கூஸ் சட்டியையும் கொடுத்து அனுப்பினான் என்று யாராவது சொன்னால், "அவன் குடுக்கல, நானாத்தான் தூக்கிட்டு வந்தேன்" என்று திருத்துவாள். அண்ணன் வீடு அதே சந்தில்தான். ஆனால் அங்கே போய் ஒண்டவில்லை. எதிரே ஒற்றை அறை எடுத்தாள். சீதி கானெம் தொழிற்பேட்டையில் ஒரு மரச்சாமான் பட்டறைக்கும் அதை ஒட்டின தையல் கூடத்துக்கும் மதியச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தாள். திங்கள் பருப்பு, செவ்வாய் வெள்ளை மொச்சை, இப்படிப் போய் வெள்ளிக்கிழமை கோதுமைக் குருணையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ். முதலில் பங்கு டாக்ஸியில் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சீட்டில் குழம்பு சிந்துகிறது என்று டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று இறங்கியவள், நாற்பத்தொன்றாவது வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாளே என் காலில் ஏற்றினாள்.

நான் பிரித்துப் பூட்டிய ஒரு பழைய வண்டி அப்போது பட்டறையில் இருந்தது. ராஜா மாதிரி ஓடும். எடுத்துக்கொள் என்றேன்.

"உம்ம வண்டிக்கு வாரண்டி உண்டா?"

"நான் இருக்கேனே, அது போதாதா?"

"நீர் செத்துப் போயிட்டா?"

நேரே தாவுதியாத் பேட்டைக்குப் போய், ஹாஜி கெஸ்ஸூஸின் கண்ணாடிச் சுவர் வைத்த வண்டிக் கடையில் இரண்டு வருட வாரண்டியோடு சிவப்பு வண்டியை வாங்கிவிட்டாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. மறைப்பானேன்.

வண்டி வந்து இரண்டு வாரத்தில் ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் பேட்டையில் அந்த வாரம் ஒரு வீட்டின் மரியாதையை அதன் மொட்டைமாடியில் கத்தும் கிடாதான் முடிவு செய்யும். தனியாக வாழும் பெண்ணின் வீட்டு மாடியில் எது கத்தப் போகிறது என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம், சந்து முனையில் அந்த ஹாரன். பார்க்கிறேன், வண்டியின் பின்னால் ஒரு கிடா! சாதாரணக் கிடாவா? கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போல் கறுப்பு, இரண்டு சுற்றுச் சுற்றிய கொம்பு, வெள்ளை வெளேரென்ற ரோமம். நாலு காலையும் கட்டி கேரியரில் உட்கார வைத்திருந்தாள். அது எங்களையெல்லாம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. குழந்தைகள் பின்னால் ஓட, பெண்கள் மாடியிலிருந்து குலவை போட, எனக்கே தலைகால் புரியவில்லை.

கிடா வந்த கதையை அவள் அன்றே சொன்னாள். சந்தையில் மூன்று மணி நேரம் பேரம். ஆட்டுக்காரன் தன் தாய்மேல் சத்தியம் செய்தானாம். இவள் ஆட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினாளாம். மூன்று தடவை விட்டுவிட்டு நடந்தாளாம், மூன்று தடவையும் அவன் பின்னாலேயே ஓடி வந்தானாம். கடைசியில் விலை படிந்ததும் அவன் கிடாவின் நெற்றியில் முத்தம் கொடுத்து அழுதுவிட்டானாம். அடுத்த தடவை சொன்னபோது அவனோடு அவன் தம்பியும் அழுதான். நாலாவது தடவை ஆட்டுக்காரன் மயங்கியே விழுந்துவிட்டான்.

இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது அவள் அண்ணி பத்தூல். பத்தூலுக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். சந்து முழுக்கக் கேட்கும் தொண்டை பத்தூலுக்கு. விருந்தாளி யார் வந்தாலும், "மஹ்ஜூபா, அந்த ஆட்டுக்காரன் மயங்கி விழுந்தானே, அதச் சொல்லுடி" என்பாள். எங்கேயாவது ஓட்டை கிடைக்குமா என்று துருவுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இனி அந்தத் திங்கட்கிழமை. வண்டிக்கு அப்போது வயது சரியாக நாலு மாதம். பதினொன்றரைக்குக் கிளம்பியவள், பன்னிரண்டரைக்கு ஒரு கழுதை வண்டியில் உட்கார்ந்து திரும்பி வருகிறாள். பக்கத்தில் சிவப்பு வண்டி படுத்திருக்கிறது.

"டுக்காலா வாசல் திருப்பத்துல ணங்குன்னு ஒரு சத்தம், மேஸ்திரி. பின்பக்கம் அப்படியே உக்காந்துடுச்சு. பருப்பு ரோட்டுல, நான் ரோட்டுல. ஒரு பஸ்காரன் இறங்கி வந்து, கரண்டி இருக்கான்னு கேக்கறான்!"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காலிப் பெட்டிகளை மட்டும் திரும்பத் திரும்ப மூடினாள்.

வண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை இருக்கிறதே, ஸ்விங் ஆர்ம், அதில் ஷாக் அப்சர்பர் வந்து உட்காரும் காது அப்படியே பிய்ந்து தொங்கியது. வெல்டிங் பல்லிளித்துவிட்டது. துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து குதித்தேன், நிஜமாகவே குதித்தேன்.

"ஏய், இங்க பாரு! விரிசலுக்குள்ள என்ன தெரியுது?"

"சிவப்பு."

"பெயிண்ட்! விரிசலுக்கு உள்ள பெயிண்ட் எப்படிப் போகும்? பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. கம்பெனியிலயே ஓட்ட வண்டிய உன் தலையில கட்டிட்டாங்க. வாரண்டி வாரண்டின்னியே, போய்க் கேளு!"

அன்றே கடைக்குப் போன் செய்தாள். புதன்கிழமை காலையில் கொண்டு வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை என் பழைய வண்டியைக் கொடுத்தேன். ராஜா மாதிரி ஓடும் என்றேனே, அது வழியில் மூன்று தடவை நின்றது. மொச்சை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மரச்சாமான் பட்டறை மேஸ்திரி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "புதனும் வியாழனும் வேற ஆள் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் பன்னெண்டரைக்கு இங்க இருக்கணும். இல்லேன்னா அந்த ஆளே இனி நிரந்தரம்." மூன்று வருடமாகக் கட்டிய பிழைப்பு அந்த ஒரு இரும்புக் காதில் தொங்கியது.

புதன்கிழமை கழுதை வண்டியில் சிவப்பு வண்டியை ஏற்றிக்கொண்டு நானும் அவளும் கிளம்பும்போது பத்தூல் வந்து ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு அண்ணி?"

"உனக்கு வாய் இருக்கு. தொண்ட எனக்குத்தானே இருக்கு?"

மஹ்ஜூபாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணி வருவதில் என்ன தகராறு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஹாஜி கெஸ்ஸூஸின் கடையில் செருப்புக் காலோடு நடக்கவே கூச்சமாக இருக்கும். அப்படித் துடைத்து வைத்திருப்பார்கள். ஹாஜி வெள்ளைச் சட்டையும் அத்தர் மணமுமாக, விரலில் தஸ்பீஹ் ஜெபமாலை மணி உருள, எழுந்து நின்று வரவேற்றார். வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தான், கையில் வெள்ளைக் கையுறை. முப்பது வருடத்தில் நான் அப்படி ஒரு மெக்கானிக்கைப் பார்த்ததில்லை. அவன் உடைந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கேரியருக்குப் போய், கம்பி இடுக்கிலிருந்து ஒரு கொத்து வெள்ளை ரோமத்தை உருவி எடுத்தான்.

"இது என்ன?"

"பஞ்சு" என்றாள் மஹ்ஜூபா.

அவன் மோந்து பார்த்தான். "ஆடு."

ஹாஜி வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்து மெதுவாகப் படித்தார். ஒன்பதாவது நிபந்தனை. வண்டியில் கால்நடை ஏற்றினால் வாரண்டி செல்லாது. பிறகு, அம்மா என்பதுபோல், லல்லா என்று மரியாதையாக அழைத்தார். "லல்லா, நீங்க மரியாதப்பட்டவங்க. பொய் சொல்ல மாட்டீங்க. கிடா ஏத்தினீங்களா?"

இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். பொய் சொல்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். பத்தூல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தினேன்" என்றாள் மஹ்ஜூபா.

"எங்கேருந்து?"

"சந்தையிலேருந்து."

"சந்தையிலேருந்தா?" ஹாஜியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. "எவ்வளவு கனம் இருக்கும்?"

"எழுபது கிலோ! சந்தையிலயே பெரிய கிடா அதுதான். மூணு மணி நேரம் பேரம் பேசினேன், அந்த ஆட்டுக்காரன்..."

நான் தலையில் கை வைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்படிப் பெருமையாக மாட்டிக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். ஹாஜி அழகாக எழுதிக்கொண்டார். சந்தை, கிடா, எழுபது கிலோ.

"ஹாஜி, அத விடுங்க. விரிசலப் பாருங்க!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "உள்ள பெயிண்ட் இருக்கு. இது ஆட்டால உடைஞ்சதில்ல, உங்க வெல்டிங் ஒட்டவே இல்ல."

"மேஸ்திரி, நீங்க தெருவுல வேல பாக்கறவர். இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம்."

"தெருவுலதான் ஹாஜி வண்டி ஓடுது. உங்க கண்ணாடிக்குள்ள ஓடல!"

ஹாஜி தாளை மஹ்ஜூபாவின் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். கிடா ஏற்றியதை ஒப்புக்கொள்கிறேன், வாரண்டி கோர மாட்டேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் சொந்தச் செலவில் பாகம் வாங்கிக்கொள்ளலாம், அது காஸாபிளாங்காவிலிருந்து வரப் பதினைந்து நாள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் பேனாவைப் பிடித்தாள். பிடித்த கை தாளுக்கு மேலேயே நின்றது. கண் நிறைந்துவிட்டது. சந்தில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. சட்டென்று பேனாவை மேசைமேல் அடித்தாள்.

"போட மாட்டேன்! அது சந்தக் கிடா இல்ல. இந்தக் கடக் கிடா!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"வண்டி வாங்கினா கிடா இலவசம்னு வாசல்ல துணி கட்டி வச்சிருந்தீங்களே, அந்தக் கிடா! பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி அத வாங்க வந்தப்போ, கைவண்டி பிடிக்கறேன்னு சொன்னேன். எதுக்கு லல்லா, நம்ம வண்டி இருக்கேன்னு நீங்கதான் ஏத்தி விட்டீங்க. நான் எந்தச் சந்தைக்கும் போகல. பல்ல எண்ணல. எந்த ஆட்டுக்காரனும் அழல. எவனும் மயங்கி விழல!"

கடைசி வார்த்தைகளை அண்ணி நின்ற பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். வண்டியைக் காப்பாற்ற அவள் அங்கே போட்டு உடைத்தது எதை என்று எனக்குத் தெரியும். மூன்றரை மாதமாக எங்கள் பேட்டையில் அவள் தலைநிமிர்ந்து நடந்ததே அந்தக் கதையின் மேல்தான்.

ஹாஜி அசரவில்லை. தஸ்பீஹ் மணி ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த உதட்டோரச் சிரிப்பு எதற்கென்று இப்போது எனக்குப் புரிந்தது. இந்த ஆளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது!

"கிடா குடுத்திருக்கலாம், லல்லா. பத்து பேருக்குக் குடுத்தோம். எல்லாரும் கைவண்டியிலதான் கொண்டு போனாங்க. நாங்களே வண்டியில ஏத்தினோமா? சந்தைன்னு நீங்கதானே இப்போ சொன்னீங்க? சாட்சி இருக்கா?"

"சாட்சியா வேணும்?"

பத்தூல். அந்தத் தொண்டைக்குக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அங்கிக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள், விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தை நிறுத்தினாள், அதை ஹாஜியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு வண்டி. அதன்மேல் பல்லெல்லாம் தெரிய மஹ்ஜூபா. பின்னால் கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு கிடா. கொம்பைப் பிடித்துக்கொண்டு அதே கையுறைக்காரன். கயிற்றை முடிச்சுப் போடுவது யார்? சட்டைக் கையை மடித்துவிட்டு, நம் ஹாஜி! படத்துக்குக் கீழே கடையின் பெயர் போட்டு எழுதியிருந்தது: எங்கள் வண்டி எதையும் தாங்கும்!

"சத்தமா படிக்கட்டுமா ஹாஜி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படித்தாள்.

புது வண்டி பார்க்க வந்திருந்த இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்பணம் கட்ட வரிசையில் நின்ற ஒருவன் மெதுவாகத் தன் பையை மூடினான். ஹாஜி கையுறைக்காரன் காதில், "அந்தப் படத்த நம்ம இன்டர்நெட் பக்கத்துலேருந்து எடுத்துடு" என்று முணுமுணுத்தது எங்களுக்கே கேட்டது.

"தாராளமா எடுங்க" என்றாள் பத்தூல். "பெருநாளைக்கு முன்னாடியே நான் இறக்கி வச்சிட்டேன். எங்க சந்துல அத்தன பேர் போன்லயும் இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்த மஹ்ஜூபா அதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. காஸாபிளாங்கா, பதினைந்து நாள் என்ற பேச்சே இல்லை. கடையில் நின்ற ஒரு புது வண்டியிலிருந்தே ஸ்விங் ஆர்மைக் கழற்றினார்கள். கொண்டு வந்ததை நகத்தால் கீறிப் பார்த்து, இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவதன் வெல்டிங் சுத்தமாக இருந்தது. கையுறைக்காரன் போல்ட்டை முறுக்கும்போது பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் தம்பி, சாப்பிட்டியா இல்லயா?" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் வேலை வாங்கியதில்லை.

கடைக்கு வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மஹ்ஜூபா சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"கிடா வந்த அன்னிக்கே. நீ சந்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே படம் வந்துடுச்சு."

"சந்துல எல்லாருக்குமா?"

"ஜிலாலி மேஸ்திரியத் தவிர. அவர்கிட்ட பொத்தான் போன்."

அது உண்மை. சந்து முனையிலேயே உட்கார்ந்திருந்து ஒன்றும் தெரியாமல் இருந்த ஒரே மடையன் நான்தான்.

"அப்புறம் எதுக்கு என்ன ஏழு தடவ சொல்ல வச்சே? எல்லாரும் கூடிச் சிரிக்கவா?" குரல் உடைந்தது.

பத்தூல் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று எனக்குத் தெரியாது.

"உங்கண்ணன் இந்த வருஷம் கிடா வாங்கல. ஏன் வாங்கலன்னு நீ ஒரு வார்த்த கேக்கல. பெருநாளன்னிக்குக் காலையில ஒரு தொடைய அப்படியே முழுசாக் கொண்டு வந்து எங்க சட்டியில போட்டுட்டு, வாசல்ல நின்னு, சந்தையில பேரம் பேசின கதையச் சொன்னே. எம் பிள்ளைங்க அதக் கேட்டுட்டே தின்னுச்சுங்க. தின்ன வாயால உன்னப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியாடி?"

எனக்கும் அன்று ஈரல் வந்தது. கொழுப்பில் சுற்றிச் சுட்ட ஆறு கம்பி. சந்தில் எத்தனை வீட்டுக்கு அந்தக் கிடா போயிற்று என்று அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். மஹ்ஜூபா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். பிறகு சாவியைத் திருகினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஹாரன் இரண்டு தட்டு. "மேஸ்திரி, உயிரோட இருக்கீரா?" நான் பதில் சொல்வதற்குள் ஏழு காய்கறி போட்ட கூஸ்கூஸின் ஆவி என் மூக்கில் பட்டுவிட்டுப் போயிற்று. பன்னிரண்டு இருபதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். பட்டறை மேஸ்திரி இரண்டாம் தட்டுக் கேட்டாராம்.

தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு பெண்கள் அவள் வாசலில் கூடினார்கள். பத்தூலின் அக்காள் ஊரிலிருந்து வந்திருந்தாள். தேநீர் ஊற்றியதும் பத்தூல் தொடங்கினாள்.

"மஹ்ஜூபா, அந்த ஆட்டுக்காரன் மயங்கி விழுந்தானே, அதச் சொல்லுடி. எங்கக்கா கேக்கல."

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். மஹ்ஜூபா சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் தெரியும் என்று இப்போது அவளுக்கும் தெரியும். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் தலைத்துணி நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.

"சந்தைக்குள்ள நுழையறேன். நுழைஞ்சா, அங்க ஒரு ஆட்டுக்காரன்..."

இந்த முறை ஆட்டுக்காரன் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, விரலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தான்.